வராத ஆண்டின் உரிமை

அமெரிக்கக் கால்பந்தைத் தழுவி ஆடப்பெறும் கற்பனை அணி விளையாட்டில் ‘டைனஸ்டி’ என்றொரு வகை உண்டு. அதில் ஆண்டு முடிந்ததும் அணி கலைவதில்லை. வீரர்கள் நம்மிடமே இருந்து மூப்படைகின்றனர். புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கையில், பெரும்பாலும் கடைசியில் நின்றவருக்கே முதலிடம். இன்னும் வராத ஆண்டுகளின் தேர்வுரிமையையும் விற்கலாம்.

பன்னிருவராய் ஆடும் எங்களுக்கு இவ்வாணிபமே பெருஞ்சோதனை. 1989-இல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியினர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்கு அளித்து, தேர்வுரிமைகளைக் குவித்தனர். அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றது ஒரே ஆட்டம்; தோற்றவையோ 15. அவ்வுரிமைகளுள் ஒன்றை வைத்துப் பேரம் பேசியே 1990-இல் எம்மிட் ஸ்மித்தை அடைந்தனர். 1992, 1993, 1995 பருவங்களின் பட்டம் அவர்களுடையது. மாறாக, 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் அணி ரிக்கி வில்லியம்ஸ் என்னும் ஒருவருக்காக அவ்வாண்டின் தேர்வுரிமைகள் அனைத்தையும், மறு ஆண்டின் இரண்டையும் ஈந்தது. பதினாறில் வென்றது மூன்றே.

மெய்யான அணிக்கு ஊர் இருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் எதிர்காலத்தை விற்றுத் தீர்த்தவர் விலகிவிட்டால், அந்த வெறுங்கூட்டை ஏற்பார் யார்? ஆகவே, வரும் ஆண்டின் உரிமையை விற்பவர் அவ்வாண்டுச் சந்தாவையும் முன்னரே செலுத்திவிட வேண்டுமென்று விதி செய்துகொண்டோம். சிலர் முணுமுணுத்தனர், எமக்கு அது நியாயமாகவே படுகிறது.