விளையாட்டின் பொருள்

மக்கள் கூடி மகிழும் பொழுதுபோக்குகளுள் பலகை ஆட்டமும் ஒன்று. திண்ணையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காய்களாகக் கொண்டு ஆடத் தொடங்கினால், உண்ண அழைக்கும் குரலும் செவியில் விழுவதில்லை. கோடும் கல்லும் தம்மளவில் உயிரற்றவை. அவற்றுக்கு உயிர் தருவது யாது? 'இது புலி, இது ஆடு' என்று நாம் அவற்றின்மேல் ஏற்றிக் கூறும் பொருளே ஆகும். புதியதோர் ஆட்டம் அமைக்க விரும்புவோர் அப்பொருளை எங்ஙனம் தேர்ந்துகொள்வது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தவை என்பது அவர் கருத்து. இப்பாகுபாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் பயிற்றிய எனக்கு, இது ஆட்டத்துக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. பலகை நிலம், காய்கள் கரு, ஆடுவோர் நெஞ்சில் எழும் அச்சமும் ஆவலும் இரக்கமும் உரி. இம்மூன்றும் தம்முள் இயைந்த ஆட்டம் தலைமுறை பல கடந்து வாழும். இயையாத ஆட்டம் சின்னாளில் பரணேறிவிடும்.

இராஜபாளையத்திலிருந்து மேற்கு நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை வானை அளாவி நிற்பதைக் காணலாம். அடிவாரத்தில் ஆடு மேய்ப்போருக்கு மலையின் அழகு மட்டுமன்றி, அங்கிருந்து இறங்கிவரும் விலங்கின் அச்சமும் உரியது. இந்நிலத்தாரும் பிற ஊராரும் ஆடிவந்த ஆடுபுலி ஆட்டத்தை நோக்குங்கள். அதன் கட்டம் மலைபோலக் கூம்பி மேலெழுகிறது. கோடுகள் கூடும் இடங்கள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. மந்தை ஒருசேர வந்துவிடுவதில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகவே களத்தில் வைக்கப்படும். புலி ஓராட்டைத் தாண்டி அடுத்துள்ள வெற்றிடத்தில் குதித்தால் அவ்வாடு வெட்டுண்டதாகும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமை இல்லை. நெருங்கி நின்று புலியை அசையவொட்டாது அடைப்பதே அதன் வெற்றி. வலியவன் பாய்வான், எளியோர் கூடி நிற்பர் என்னும் உண்மை இங்கு விதியாகவே அமைந்துள்ளது. சிறுவன் ஒருவனுக்கு இவ்விதிகளை ஒருமுறை கூறினால் போதும். பின்பு அவன் மறப்பதில்லை. பொருளே விதியை நினைவூட்டிவிடுகிறது.

இத்தகைய ஆட்டம் பிற நாடுகளிலும் உண்டு. நேபாளத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளும் எதிர்நிற்கின்றன. புலி வாழாத இலங்கையில் சிங்கள மக்கள் புலியின் இடத்தில் சிறுத்தையை வைத்தனர். ஐரோப்பியர் ஒரு நரியையும் வாத்துக் கூட்டத்தையும் வைத்து ஆடினர். எலும்பு ஏறத்தாழ ஒன்றே. அதன்மேல் போர்த்த தோல் அவ்வந்நிலத்துக்கு உரியது. தாம் அறிந்து அஞ்சிய விலங்கையே ஒவ்வொரு மக்களும் களத்தில் இறக்கினர். கண்டறியாத ஒன்றுக்கு நெஞ்சு நடுங்குவது அரிதன்றோ?

இனி, வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் ஆடும் பரமபதத்தைக் காண்போம். ஆடுபுலியில் அறிவுக்கு வேலை உண்டு. பரமபதத்தில் அதற்குச் சிறிதும் இடமில்லை. தாயம் விழுந்தபடி காய் நகரும்; அவ்வளவே. ஆயினும், அவ்வாட்டம் நெடிய இரவை எளிதாகக் கடத்திவிடுகிறது. காரணம், ஏணி நல்வினையாகவும் பாம்பு தீவினையாகவும் உச்சிக் கட்டம் வைகுந்தமாகவும் நிற்பதே. உச்சியை நெருங்கியவன் பாம்பின் வாய்ப்பட்டுச் சறுக்கும்போது ஆடுவோர் அனைவரும் 'ஐயோ' என்கின்றனர். இந்திய நாட்டு ஆட்டமாகிய இது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. அமெரிக்க நிறுவனம் ஒன்று 1943ஆம் ஆண்டில் பாம்பை நீக்கிச் சறுக்குமரத்தை வைத்தது. கணக்கு மாறவில்லை. ஆனால், சறுக்குமரத்தில் இறங்கும் குழந்தை சிரிக்குமேயன்றி அஞ்சாது. கருப்பொருள் மாறவே உரிப்பொருளும் உடன் மாறிற்று.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் சிலர், பள்ளிக் கண்காட்சிக்கெனப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்துக்கொண்டு என்பால் வந்தனர். கோள்களுக்கிடையே நிகழும் போர் அதன் பொருள். வண்ணம் மிக அழகாக இருந்தது. "தம்பி, இக்கோள்களின் பெயரை அழித்துவிட்டுப் பேருந்து நிலையங்களின் பெயரை எழுதினால் உங்கள் விதிகளுள் எது மாறும்?" என்று வினவினேன். அவர்கள் தம்முள் பார்த்துக்கொண்டு, "எதுவும் மாறாது, ஐயா" என்றனர். "அப்படியாயின், பொருள் இன்னும் உள்ளே புகவில்லை, மேலே பூசப்பட்டிருக்கிறது" என்றேன்.

ஒரு திங்கள் கழித்து அவர்கள் வேறோர் ஆட்டத்துடன் வந்தனர். திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. அதனைக் காக்க 1988ஆம் ஆண்டில் அங்குச் சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் அக்காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அவ்வணில் தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே செல்லும். ஆகவே, கிளையோடு கிளை நெருங்கிய மரங்களே அதற்கு வழி. மாணவர் பலகையில் மரங்களை வரைந்து, கிளைகள் தொடும் இடங்களைக் கோடுகளால் இணைத்தனர். அணில் கோட்டின் வழியே மட்டும் செல்லலாம் என்பது விதி. கோடரியை எதிரியாகக் கொள்ளலாமா என்று அவர்களுள் வழக்கெழுந்தது. ஒரு மாணவி, "கோடரிப் பக்கம் ஆட எனக்கு மனம் வராது, கழுகின் பக்கம் ஆடுவேன், அதற்குப் பசி இருக்கிறதே" என்றாள். யான் வியந்தேன். எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்னும் நுட்பத்தை அவள் தானே கண்டுகொண்டாள். எனவே, கழுகு எதிரியாயிற்று. சோழிகள் அனைத்தும் குப்புற விழுந்தால் ஒரு மரம் வெட்டுண்டதாகப் பலகையை விட்டு நீங்கும் என முடிவு செய்தனர்.

அன்று மாலை ஆடினோம். நடுமரம் ஒன்று நீங்கியது. இரண்டு அணில்கள் மறுகரை செல்ல வழியின்றி நின்றன. கழுகுக்கும் அம்மரத்திலேயே கூடு. வெல்பவர் யார் என்னும் ஆரவாரம் அடங்கி, அனைவரும் அவ்வெற்றிடத்தையே நோக்கினர். யான் ஒரு சொல்லும் அறிவுரை கூறவில்லை; கூற வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று.

பொருளைத் தேர்வோர் கருத வேண்டுவது மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவில் லிஸி மாகி என்னும் அம்மையார், நிலத்தை ஒருசிலரே கைப்பற்றிக்கொள்வதால் விளையும் தீமையை உணர்த்த எண்ணி ஓர் ஆட்டம் வகுத்து, 1904ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த ஆட்டமே 1935ஆம் ஆண்டு முதல் மோனோபொலி என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 'பிசினஸ்' என்று ஊர்ப்பெயர்களோடு விற்பதும் அவ்வழியினதே. அம்மையார் கண்டிக்கக் கருதியது பிறரை வறியராக்கும் செயலை. ஆடுவோர் பெறும் இன்பமோ அச்செயலிலேயே அமைந்துவிட்டது. எதனை வெற்றி என்று விதி கூறுகிறதோ, அதனையே ஆடுவோர் நெஞ்சம் விரும்பும்.

மாணவர்களே! நீங்களும் ஓர் ஆட்டம் அமைக்கலாம். அதற்குத் தொலைவிலுள்ள விந்தைகளைத் தேடி வருந்த வேண்டுவதில்லை. பருத்தி நூலாகும் ஆலையும், நான்கு வீதி சுற்றி நிலைக்கு வரும் ஆண்டாள் கோயில் தேரும், மழையை எதிர்நோக்கும் கண்மாயும் உங்கள் கண்முன் உள்ளன. ஒன்றைத் தேர்ந்துகொண்டு மூன்று வினாக்களைக் கேளுங்கள். பெயரை மாற்றினால் விதியும் மாறுகிறதா? இரு பக்கத்தாருக்கும் நியாயம் உண்டா? வென்றவன் எதனை எண்ணி மகிழ்வான்? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், சுண்ணக்கோடும் புளியங்கொட்டையுமே போதும், ஆட்டம் வாழும்.