கல்லறை எழுத்தைப் படிப்பவர்கள்

இங்கிலாந்தில் அநேகமாக எல்லாக் கவுண்டியிலும் ஒரு குடும்ப வரலாற்றுச் சங்கம் உண்டு. உறுப்பினர்களில் ஓய்வு பெற்றவர்களே அதிகம். மாதம் ஒரு மாலை ஏதாவதொரு தேவாலயக் கூடத்தில் கூடுகிறார்கள். ஒருவர் பேசுகிறார், பிறகு தேநீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதழ் வருகிறது. யார் எந்தக் குடும்பப் பெயரை, எந்த ஊரில், எந்தக் காலத்தில் தேடுகிறார்கள் என்ற பட்டியல்தான் அதில் முதலில் புரட்டப்படும் பக்கம். வெளியே நின்று பார்த்தால் சொந்தப் பாட்டன் பூட்டனைத் தேடும் பொழுதுபோக்கு என்றே தோன்றும். ஆனால் சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பாட்டன் பூட்டனுக்காகச் செலவாகிறது. பழைய பதிவேடுகளையும் கல்லறைக் கற்களையும் படித்து, எழுதி, அகரவரிசையில் அடுக்கிவைப்பதே அந்த உழைப்பு. இதற்குக் கூலி கிடையாது.

வம்சாவளி தேடுவது நெடுங்காலம் பிரபுக்களின் காரியமாக இருந்தது. 1911-இல் லண்டனில் மரபுவழி ஆய்வாளர் சங்கம் தோன்றியபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1963-இல் பர்மிங்காமில் ஒரு வட்டாரச் சங்கம் பிறந்தது. அதன் பிறகு கவுண்டிதோறும் சங்கங்கள் முளைத்தன. 1974-இல் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாயின. தச்சர், நெசவாளி, சுரங்கத் தொழிலாளி ஆகியோரின் பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரைத் தேடப் புறப்பட்ட காலம் அது. அதே காலத்தில்தான் பல தேவாலய வளாகங்களில், புல்வெட்டும் இயந்திரம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகக் கல்லறைக் கற்களைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தினார்கள். சிலவற்றை உடைத்து நடைபாதையிலும் போட்டார்கள். கல் போவதற்கு முன் எழுத்தையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பல சங்கங்களுக்கு முதல் வேலையைக் கொடுத்தது.

அந்த வேலையின் முக்கியமான கருவி ஒரு கண்ணாடி. கதவில் மாட்டும் நீளமான முகம் பார்க்கும் கண்ணாடிதான். கடையில் வேறு எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. இருநூறு ஆண்டு மழை கழுவிய மணற்கல்லில் எழுத்து அரை மில்லிமீட்டர் பள்ளமாகவே மிஞ்சியிருக்கும். நேர் வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தில் நிழல் விழாது. கல் வெறும் கல்லாகத் தெரியும். ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போனால்தான் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் கோத்துக்கொள்ளும். கிழக்கு நோக்கிய கற்களுக்குச் சூரியன் தெற்கே சாயத் தொடங்கும் வேளையில் இந்த உரசல் ஒளி தானாகவே கிடைக்கும். வடக்கு பார்த்த கல்லில் வெயில் விழுவதே அரிது. அங்கே ஒருவர் பத்தடி தள்ளி வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்த்து, சூரியனைப் பிடித்துக் கல்லின் ஓரத்தில் பாய்ச்சுகிறார். இன்னொருவர் மண்டியிட்டு உரக்கப் படிக்கிறார். மூன்றாமவர் எழுதுகிறார். கண்ணாடி பிடிப்பவர் கை அங்குலம் நகர்ந்தால் ஒரு வரி மறையும், அதற்கு மேலே இருந்த வரி எழும். படிப்பவர் “இன்னும் கொஞ்சம் இடது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மேகம் மூடிவிட்டால், இங்கிலாந்தில் அது அடிக்கடி நடப்பதுதான், கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே டார்ச் அடிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவற்றின் பட்டியல் நீளமானது. கம்பி பிரஷ் கூடாது. எழுத்து எடுப்பாகத் தெரியச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் ஷேவிங் கிரீம் பூசுவதும் ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தவை. இரண்டும் கல்லை அரிக்கும் அல்லது கீறும் என்பதால் இப்போது தடை. கல்லில் படரும் கல்பாசியைச் சுரண்டக் கூடாது. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் இனம்தான் அது. ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளர்வது. சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரிந்துவரும். மென்மையான பிரஷ், தண்ணீர் தெளிக்கும் குப்பி, பொறுமை, இவ்வளவுக்கே அனுமதி.

கல்லின் வகையைப் பொறுத்து வேலையின் பாடும் மாறும். லெஸ்டர்ஷையரின் ஸ்வித்லாண்ட் சிலேட்டுக் கல்லில் 18-ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்து நேற்று வெட்டியதுபோல் நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் நிலக்கரிப் புகையின் அமிலத்தில் சர்க்கரைபோல் உதிர்ந்துவிட்டன. விக்டோரியா காலத்துச் சலவைக்கற்கள் பலவற்றில் ஈயத்தை அடித்துப் பதித்து எழுத்து செய்தார்கள். ஈயம் விழுந்த பிறகு, அதைப் பிடித்திருந்த சிறு துளைகள் மட்டும் மிஞ்சும். பழகியவர்கள் அந்தத் துளைகளின் வரிசையைக் கொண்டே எழுத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எழுத்தறிவில் இப்படி ஒரு தனிப்பிரிவு இருப்பதைப் பள்ளிக்கூடம் எதுவும் சொல்லித்தருவதில்லை.

படித்ததை அப்படியே எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. மற்ற விதிகளெல்லாம் இதன் கிளைகள். கல்வெட்டியவர் பெயரைத் தப்பாக வெட்டியிருந்தால் தப்பாகவே எழுத வேண்டும். இறந்த ஆண்டு கல்லில் 1843 என்றும் அடக்கப் பதிவேட்டில் 1842 என்றும் இருந்தால் கல்லின் பிரதியில் 1843 நிற்கும். பதிவேட்டுச் செய்தி அடிக்குறிப்புக்குப் போகும். வரலாறு தெரிந்த தன்னார்வலரைவிட ஒன்றும் தெரியாமல் கவனமாகப் பார்ப்பவரே இந்த வேலைக்கு ஏற்றவர் என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. தெரிந்தவர் கண் எதிர்பார்த்ததையே படிக்கும். எல்லாக் கல்லும் முடிந்ததும் வளாகத்தை நாடா பிடித்து அளந்து, கல்லுக்கு எண் கொடுத்து, வரைபடம் போட்டு, பெயர் அட்டவணையோடு சிறுநூலாக்குகிறார்கள். ஒரு பிரதி கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

கல்லறைக் கல் காசு இருந்தவர்களுக்கே வாய்த்தது. மற்றவர்களைத் தேவாலயப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் இட்ட உத்தரவின்படி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். அரசே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலையில். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்குப் பாதிரியாரின் கையெழுத்தே கதி. 16, 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் ‘சி’ என்ற எழுத்து இன்றைய ‘ஆர்’ போலிருக்கும். ‘எஸ்’ சில இடங்களில் ‘எஃப்’ போல நீண்டு நிற்கும். சங்கங்கள் இதற்கென்றே மாலை வகுப்பு நடத்துகின்றன.

தேதி இன்னொரு பொறி. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதி பிறந்தது. 1720 டிசம்பருக்கு அடுத்து வந்த மாதம் 1720 ஜனவரிதான். 1720 ஏப்ரலில் திருமணம் செய்த தம்பதியின் குழந்தைக்கு 1720 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்று பதிவேடு சொன்னால், அந்தக் குழந்தை கல்யாணத்துக்கு முன் பிறந்தது அல்ல. பத்து மாதம் கழித்து ஞானஸ்நானம் பெற்றது. இதை அறியாமல் எத்தனையோ பேர் தங்கள் பூட்டிக்கு இல்லாத பழியைச் சுமத்தியிருப்பார்கள். தன்னார்வலர் இத்தகைய தேதியை 1720/21 என்று இரட்டையாக எழுதி வைக்கிறார்.

பங்குப் பெட்டகத்தில் கிடக்கும் ஏழைகளின் காகிதங்களைச் சில சங்கங்கள் அட்டவணைப்படுத்தியிருக்கின்றன. இந்த வேலைகளில் பெருமதிப்பு இதற்குத்தான் கொடுக்க வேண்டும். 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வறுமையில் விழுந்தவரை அவருடைய ‘சொந்த’ பங்குக்கே திருப்பி அனுப்பிவிடலாம். செலவை அந்த ஊர் ஏற்கும். எது சொந்தப் பங்கு என்று முடிவு செய்ய நீதிபதிகள் விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பழகினாய், எந்தப் பண்ணையில் முழு ஆண்டு வேலை பார்த்தாய், என்ன கூலி என்று கேட்டு எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரின் வாழ்க்கை அரைப் பக்கத்தில், கீழே ஒரு பெருக்கல் குறியோடு நிற்கிறது. ஊருக்குப் பாரமாகிவிடுவார் என்ற பயத்தில் எழுதப்பட்டது, இன்று அவருடைய ஒரே சுயசரிதை. மணமாகாத தாயிடம் தகப்பன் பெயரைக் கேட்டு வாங்கிய வாக்குமூலங்களும் அதே பெட்டகத்தில் உள்ளன. குழந்தையின் செலவு ஊர் தலையில் விழாமலிருக்கவே அந்தக் கேள்வியும்.

பெரிய திட்டங்களில் சங்கங்கள் கைகோத்தன. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படியெடுக்கும் வேலை 1988-இல் தொடங்கியது. அமெரிக்காவின் யூட்டா மரபுவழிச் சங்கம் கூட்டாளி. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுத்தார்கள். வேறுபட்ட இடங்களை மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தீர்த்தார். 1998-இல் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி என்ற இணைய முயற்சி அரசுப் பதிவின் அட்டவணைகளை இதே முறையில் தட்டச்சு செய்துவருகிறது. அங்கே சந்தேகத்துக்கும் இலக்கணம் உண்டு: ஓர் எழுத்து தெரியாவிட்டால் அடிக்கோடு, பல எழுத்து தெரியாவிட்டால் நட்சத்திரக் குறி, இரண்டில் ஒன்று என்றால் சதுர அடைப்புக்குள் இரண்டும். ஊகம் செய்து நிரப்பிவிடுவது குற்றம்.

ஒரு கவுண்டிக்காரர் இன்னொரு கவுண்டியில் இறந்தோ மணந்தோ இருந்தால், அந்தப் பதிவைக் கண்ட சங்கம் அவருடைய சொந்த ஊர்ச் சங்கத்துக்குச் சீட்டு அனுப்பும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. வழிதவறியவர்களைத் தேடுவோருக்கு இணையத்துக்கு முன் இதைவிட நல்ல துணை இல்லை.

இனிப் பணம். இரண்டு மூன்று பவுண்டுக்குச் சிறுநூல் விற்றுத்தான் சங்கங்கள் கூடத்து வாடகையும் அச்சுக்கூலியும் கட்டின. இணையம் வந்தபோது பெரிய வணிகத் தளங்கள் அந்த அட்டவணைகளைப் பதிவிறக்கக் காசில் சிறு பங்கு தருவதாகச் சொல்லி வாங்கின. கூலியில்லாமல் குளிரில் மண்டியிட்டவர் படித்த பெயரை, இன்று அவருடைய பேத்தி ஆண்டுச் சந்தா கட்டிப் பார்க்கிறாள். படம் பிடிப்பதும் சேமிப்பதும் செலவுதான், மறுக்க முடியாது. ஆனால் விலை ஏறியபோது தரம் ஏறவில்லை. 1901 கணக்கெடுப்பைச் சிறைக் கைதிகளைக் கொண்டும் தட்டச்சு செய்தார்கள். 2002 ஜனவரியில் இணையத்தில் திறந்த சில நாளிலேயே கூட்டம் தாங்காமல் தளம் படுத்தது, பெயர்ப் பிழைகளோ ஆண்டுக்கணக்கில் நின்றன. பக்கத்து கிராமத்தின் பெயர் தெரியாத கை, அந்தக் கிராமத்தின் பெயரை எப்படித் தட்டும்? அந்த மண்ணில் நடமாடியவர் அறிந்ததற்கு விலை போட எந்த ஒப்பந்தத்திலும் பத்தி இல்லை. சங்கங்கள் இதில் ஏமாந்தன என்றே சொல்ல வேண்டும். ஃப்ரீபிஎம்டி போல எல்லோருக்கும் இலவசமாக வைத்தவர்களே கணக்கில் நேர்மையாக நின்றார்கள். உறுப்பினர் குறைந்து சில சங்கங்கள் மூடப்படும் நேரத்தில் இந்தக் கணக்கு இன்னும் உறுத்துகிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலேய இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கம் ஃபிபிஸ், 1998-இல் தொடங்கியது. தெற்காசியக் கல்லறைகளுக்கான பாக்ஸா அமைப்பு அதற்கும் முந்தியது, 1976. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் கும்பெனிக் காலத்திலேயே லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-லேயே தொகுத்து அச்சிட்டார். 1680-இல் திறந்த கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தின் முற்றத்தில் பாவிய கற்களுக்கு வரைபடம் போட்டுப் பயனில்லை. அவை வேறிடத்துக் கற்கள். 1758-59 முற்றுகையில் பழைய இடுகாட்டின் உயர்ந்த கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாயின. முற்றுகை தீர்ந்ததும் அவற்றை இடித்துக் கற்களை மட்டும் கொண்டுவந்தார்கள். மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் அடங்கிய கல்லறை அப்போது இடிபடாமல், பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான அந்த இடுகாட்டு நிலத்திலேயே தப்பி நின்றது.

இந்தப் பதிவுகளில் படியெடுப்பவர் கை அடிக்கடி தயங்கும் இடம் தாயின் பெயர். ஆங்கிலேயத் தகப்பனின் பெயர், படைப்பிரிவு, பதவி எல்லாம் தெளிவாக இருக்கும். தாய் உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் பல பதிவுகளில் பெயரே இராது. இருந்தாலும் ஞானஸ்நானத்தில் வைத்த ஒற்றைப் பெயர், குடும்பப் பெயரின்றி. விதிப்படி தன்னார்வலர் பெயர் இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விட்டு, அடுத்த வரிக்குப் போகிறார். ஊர்ப்பெயர்கள் வந்தால் மட்டும் அவருக்குத் துணை தேவைப்படுகிறது: வேப்பேரி, பூந்தமல்லி, பரங்கிமலை எல்லாம் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சரியான இடத்தோடு பொருத்திக் காட்டும் இடப்பெயர் விவரங்களை ஃபிபிஸ் தன் இணையக் களஞ்சியத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது.