கேட்கும் செவிக்கும் பயிற்சி வேண்டும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், அலவத்துகொடையில் நாம் வசித்து வருகிறோம். ஆசிரியத் தொழில் புரிவதனால், பாடத்துக்குப் புறம்பான விடயங்களும் நமது செவிக்கு வருவதுண்டு. தந்தையின் குடி, வெளிநாடு சென்ற தாயின் பிரிவு, பரீட்சைப் பயம் என்று மாணவர் கூறும் துயரங்கள் பல. கேட்டுவிட்டு வீடு திரும்பும் மாலைகளில் நமது மனமும் கனத்துவிடுகிறது. சொன்னவர் பாரத்தை இறக்கிவைத்தார். கேட்டவர் அதனை எங்கே இறக்குவது?

இவ்வினாவை மிகவும் சிரத்தையோடு ஆராய்ந்தவர்கள் உளப்பகுப்பு வைத்தியர்களே. வியன்னா நகரத்து வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட் வகுத்த இம்முறையில், நோயாளி சாய்ந்து படுத்தபடி மனத்தில் தோன்றுவதையெல்லாம் ஒளிக்காமல் கூறுவார். வைத்தியர் அவர் பார்வையிற் படாது பின்னால் அமர்ந்து கேட்பார். வாரத்தில் 4 அல்லது 5 நாட்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் என இது ஆண்டுக்கணக்கில் நடைபெறும். பெற்றோர்மீது கொண்ட பழைய அன்பும் கோபமும் நாளடைவில் வைத்தியர்மீதே திரும்பும். அப்போது வைத்தியரின் பழைய புண்களும் கிளறப்படலாம். தம் மனத்தை அறியாதவர், பிறர் பேச்சில் தம் நோவையே கேட்பார் அன்றோ?

ஆகவேதான், 1920இல் பெர்லினில் நிறுவப்பட்ட பயிற்சி நிலையத்தில் மூன்று படிகள் வகுக்கப்பட்டன. வைத்தியராக விரும்புபவர் முதலில் தாமே பகுப்புக்கு உட்படவேண்டும், அனுபவசாலியின் மேற்பார்வையில் நோயாளரைப் பார்க்கவேண்டும், பாடங்களும் கற்கவேண்டும். இதனோடும் முடிந்துவிடவில்லை. எண்பது வயதைக் கடந்த பிராய்ட் 1937இல் எழுதிய கட்டுரையொன்றில், வைத்தியர் ஐந்தாண்டுக்கொரு முறை மீண்டும் பகுப்புக்கு உட்படுவது நன்று என்றார். குருவும் அவ்வப்போது சீடனாதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

கல்கத்தாவில் இத்துறையைத் தொடங்கிய வைத்தியர் கிரீந்திரசேகர போஸுக்கு அத்தகைய குரு வாய்க்கவில்லை. அவர் நூல்களைக் கற்றும் தம் மனத்தைத் தாமே ஆராய்ந்துமே முன்னேறினார். ஆயினும், தனித்து நிற்க அவர் விரும்பவில்லை. 1922இல் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவி, பிறரைப் பயிற்றலானார். அதன் ஆரம்ப அங்கத்தவர்களிற் பலர் கல்லூரி ஆசிரியர்கள் என்பதை அறிந்து நாம் மகிழ்ந்தோம். போஸும் பிராய்டும் நேரிற் சந்தித்ததேயில்லை. கடிதங்கள் வாயிலாகவே கருத்து வேற்றுமைகளையும் பேசிக்கொண்டனர். 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டிச் சங்கத்தார் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்றை அனுப்ப, அது அவரது எழுதுமேசையில் இடம்பெற்றது.

ஆசிரியர்களாகிய நாம் உளப்பகுப்பாளர் அல்லோம். அவ்வாறு நடிப்பதும் ஆபத்து. கடுமையான துயருற்ற பிள்ளையை உரிய வைத்தியரிடம் அனுப்புவதே கடமை. ஆனால், அத்துறை கற்பித்த ஓர் ஒழுக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை வாரந்தோறும் சந்தித்து, மாணவர் எவரென்று வெளிப்படுத்தாமல், நம் மனத்தை அழுத்துவதை மட்டும் நாம் கூறிவருகிறோம். அவர் அறிவுரை சொல்வது அரிது; பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பார். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் பேச வரும்போது, அப்பிள்ளையின் குரல் நமக்கு முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது.