மெல்பர்ன் குளிருக்குக் கெண்டைக்கால் கறி



ஜூன் பிறந்தால் மெல்பர்னில் குளிர்காலம். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். வேலைவிட்டு வருகிறவர்களுக்குச் சூடான குழம்பும் சோறும்தான் வேண்டும். ஆனால் புதிதாக வந்து இறங்கிய நம் பிள்ளைகள் பலர், நல்ல கறி என்றால் விலை கூடிய கறி என்று நம்பி, ஸ்டேக் துண்டுகளை வாங்கிக் குழம்பில் போடுகிறார்கள். காசும் போகிறது, கறியும் வறண்டுபோகிறது. அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

டாண்டினாங் சந்தைக்குப் போனால் கிரேவி பீஃப், சக், பிரிஸ்கெட் மூன்றையும் தேடுங்கள். முதலாவது கெண்டைக்கால் சதை, அடுத்தது தோள்பட்டைப் பக்கம், மூன்றாவது நெஞ்சுக்கறி. மாட்டின் உடம்பைத் தாங்கி, நடந்து உழைத்த தசைகள் இவை. அதனால் கடினம், அதனால் மலிவு. முதுகின் உட்புறத்தில் அதிக வேலை இல்லாமல் இருக்கும் ஃபில்லட் மென்மையானது, விலையும் அதற்கேற்ப. ருசிக்கு என் ஓட்டு கெண்டைக்காலுக்கே. மாட்டுவாலும் கன்னக்கறியும்கூட முன்பு இந்த மலிவு வரிசையில்தான் இருந்தன. உணவகங்கள் விரும்பி வாங்கத் தொடங்கிய பின் அவற்றின் விலையும் ஏறிவிட்டது.

உழைத்த தசையைக் கட்டிவைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். ஈரச் சூட்டில் அது ஜெலட்டினாகக் கரைய வேண்டும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும், அதற்கும் மணிக்கணக்கில் ஆகும். ஒரு மணி நேரத்தில் இறக்கினால் ரப்பராக இருக்கும். இளந்தீயில் மூன்று மணி நேரம் விட்டால் கரண்டி பட்டதும் பிரியும், குழம்பும் தானே கெட்டிப்படும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். குக்கரில் என்றால் முக்கால் மணி நேரம் போதும். ஸ்லோ குக்கர் உள்ளவர்கள் வெங்காயம், இஞ்சி பூண்டு, மல்லித்தூள், மிளகாய்த்தூளை முதல்நாள் இரவே வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் கறியோடு போட்டு வேலைக்குப் போகலாம். தண்ணீரைக் குறையுங்கள், அதில் ஆவி அதிகம் வெளியேறாது.

அருகில் ஸ்பிரிங்வேலில் வியட்நாமியர்கள் இதே கறியை எலுமிச்சைப்புல்லும் அன்னாசிப்பூவும் கேரட்டும் சேர்த்து, போ கோ என்று சமைத்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கும் அதுதான்! நம் வீட்டிலும் ஒருநாள் செய்து பாருங்கள், குழந்தைகளுக்குக் காரம் உறுத்தாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோவாக வைத்துவிடுங்கள். அன்றைக்குச் சோற்றுக்குக் குழம்பு. மீதியை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கொழுப்பு மேலே உறைந்திருக்கும், வழித்து எடுத்துவிடலாம். துண்டுகளை மட்டும் எடுத்து மிளகும் கறிவேப்பிலையும் போட்டுச் சுண்ட வறுத்தால் தோசைக்கு ஆயிற்று. இன்னும் மிஞ்சினால் உதிர்த்துப் பிள்ளைகளின் ரொட்டிக்குள் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்காரரிடம் கிரேவி பீஃபை முழுத்துண்டாகவே கேட்டு வாங்கி, வீட்டில் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். சிறிதாக நறுக்கிய கறி வேகும்போது உதிர்ந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் மெல்பர்ன் நண்பன்