குருதியில் ஒரு காவற்படை

பெங்களூருக்குப் படிக்க வந்த முதலாண்டில் நான் கலங்கி நின்றது ஒரே நாள்தான். காரணம், ஒரு வெந்நீர்த் தொட்டி!

நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வு. புதிய குருதிநீரில் ஈ. கோலை கிருமிகளைக் கலந்து, அவை மடிவதைக் காட்டவேண்டும். குருதிநீரை 37 டிகிரிக்குக் கொணர அரைமணி நேரம் தொட்டியில் வைத்தேன். தொட்டியோ 56 டிகிரியில் இருந்தது; நான் பார்க்கவில்லை. மறுநாள் தட்டைத் திறந்தால், கிருமிகள் கூட்டங்கூட்டமாகத் தழைத்திருந்தன! நிலத்தை அடகு வைத்து என்னை அனுப்பிய தந்தையின் முகம் கண்முன் வந்தது.

ஆசிரியர் சினக்கவில்லை. "தம்பி, நீ அறியாமல் செய்ததை 1895இல் பெல்ஜிய அறிஞர் ஜூல்ஸ் போர்டே அறிந்தே செய்தார். 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது" என்றார்.

குருதிநீரில் காம்ப்ளிமென்ட் என்னும் புரதப்படை உறங்கிக் கிடக்கிறது. பகைக்கிருமியை எதிர்ப்புப்பொருள் பற்றியதும் முதற்புரதம் விழிக்கிறது. அது அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. மூன்றாம் புரதம் கிருமியின் மேனியெங்கும் ஒட்டி, விழுங்கும் அணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. ஐந்து முதல் எட்டு வரையுள்ளவை உறையில் ஊன்றி நிற்க, ஒன்பதாம் புரதங்கள் பல வளையமாய்ச் சூழ்ந்து துளையிடுகின்றன. நீர் உட்புகுகிறது, கிருமி வெடித்து மாய்கிறது! 56 டிகிரி வெப்பம் அழிப்பது இவற்றுள் சிலவற்றைத்தான். ஆனால் சிலர் வீழ்ந்தால் படை முழுவதும் நின்றுவிடுகிறது.

அன்று மாலை மல்லேசுவரத்தில் நடந்தேன். 1898இல் இந்நகரைப் பிளேக் சூறையாடியபின், நெருக்கடிக்கு அஞ்சிய மக்கள் குடியேறி வளர்ந்த பகுதி அது. அந்தப் பிளேக் கிருமி பொல்லாத கள்ளன்! நம் உடலணுக்களைக் காம்ப்ளிமென்ட் தாக்காமல் காக்கும் புரதம் ஒன்று உண்டு. 'எய்ல்' என்னும் தன் புரதத்தால் அதனைப் பிடித்துப் போர்த்திக்கொண்டு, நம்மவன்போல் தப்பிவிடுகிறது. காவலரின் முத்திரையையே களவாடினால் காவல் என்னாகும்?

மறுவாரம் மீண்டும் வாய்ப்புத் தந்தார்கள். வெப்பமானியை மும்முறை பார்த்தேன். மறுநாள் தட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க கிருமிக்கூட்டங்களே இருந்தன.

நண்பர்களே, அந்தப் படையில் ஒன்பதாவது பெரிது, முதலாவது சிறிது என்பதில்லை. எழுப்ப வேண்டியவன் எழுப்பாவிடில், துளையிட வல்லவன் உறங்கியே கிடப்பான். என்னை அன்று எழுப்பியவர் என் ஆசிரியர். நாம் யாரை எழுப்பப் போகிறோம்?