இரட்டைக் கோடு

ஜெனட்டிக் கவுன்சலர் என்றால் ஜீன் பற்றி நிறையப் படித்தவர், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. முதலில் ஆரம்பித்தது 1969ல், சாரா லாரன்ஸ் கல்லூரியில். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கவுன்சில், மாணவருக்கு என்னென்ன கைவர வேண்டும் என்று 2013ல் 22 திறன்களை வகுத்தது. பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். 2013 பட்டியலில் ஜீன் சமாச்சாரம் 4 பிரிவுகளில் ஒன்றாகத்தான் இருந்தது. எதிரில் இருப்பவரின் பண்பாட்டை மதித்துப் பேசுவது, முடிவைத் திணிக்காமல் இருப்பது எல்லாமே பாடம். குறைந்தது 50 கேஸ்களில் நேரடியாகப் பங்கெடுக்கவும் வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்றால், நம்ம வீடுகளில் சொந்தத்தில் கல்யாணம் சகஜம், அதை வெளியே சொல்லத்தான் கூச்சம். என் அம்மா கட்டிக்கொண்டது தாய்மாமனை. நான் முதல் குழந்தையைச் சுமந்தபோது, கவுன்சலர் மூன்று தலைமுறையைத் தாளில் வரைந்தார். "உங்க அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தமா?" வயசு கேட்பது போலக் கேட்டார். சொன்னேன். முகம் மாறவில்லை, இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார், அவ்வளவுதான். கணவர் எனக்கு ரத்த சொந்தம் இல்லாததால், அந்த நெருக்கத்தின் ரிஸ்க் குழந்தைக்கு அப்படியே வராது என்று விளக்கினார். எத்தனை வருஷப் பயம்!

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "அதெல்லாம் அங்க எதுக்குடி சொல்லிக்கிட்டு?" அடுத்த தடவை அவரையும் கூட்டிப்போனேன். என்னை மொழிபெயர்க்க விடாமல், போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள். எனக்கு முன் ஒரு அண்ணன் பிறந்து மூன்றாம் நாளே போனதை அன்றுதான் கேட்டேன். காரணம் தெரியாது என்றதும், எங்கள் இருவருக்கும் கேரியர் டெஸ்ட் பட்டியலைப் பெரிதாக்கினார்.

அத்தை மகனைக் கட்டியவர்களும் மிரள வேண்டாம். எல்லோருக்கும் உள்ள வாய்ப்புக்கு மேல் கூடுவது 1.7 முதல் 2.8 சதவீதம் என்று கவுன்சலர்கள் சங்கம் 2002ல் சொன்னது. தாய்மாமன் உறவு இன்னும் நெருக்கம், அதற்கு வேறு கணக்கு.

போவதற்கு முன் பாட்டிகளிடம் கேட்டு வையுங்கள்: யார் யாருக்குச் சொந்தம், தங்காமல் போன குழந்தைகள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.