படிவத்தில் இருந்த பெயர்

தென்காசிக்காரனுக்குக் குற்றாலம் வீட்டின் பின்கட்டைப் போன்றது. ஆனி பிறந்து, மலைமேல் மேகம் கவிந்து, சாரல் தெருவில் வந்து தெளிக்கத் தொடங்கிவிட்டால், வெளியூர்க்காரர்கள் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்குவார்கள். நாங்களோ ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாலை நேரத்தில் போய் அருவியில் நின்றுவிட்டுத் திரும்பி விடுவோம். என் இளைய மகனுக்குக் குற்றாலத்திலேயே பெண் எடுத்த பிறகு அந்தப் போக்குவரத்து இன்னும் மிகுந்துவிட்டது.

சென்ற ஆண்டு சாரல் காலத்தில், தலைப்பிள்ளைக்காகத் தாய்வீடு சென்றிருந்த மருமகளைப் பார்க்கப் போயிருந்தேன். நான் போன வேளையில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் நனைந்த குடையைத் திண்ணையில் விரித்து வைத்துவிட்டு, மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது. படிவத்தை வாங்கிப் பார்த்த மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யாரு?"

"பெரிய டாக்டரம்மா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். அந்த ஒரு சொல்லோடு நின்றுபோனது எனக்கே வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும் நூல்நிலையப் படி ஏறினேன். ஆனால் நான் அங்கே தேடிப் போனது அந்த அம்மையாரின் வரலாற்றை மட்டும்தானா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1961ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. என் ராத்தாவுக்குப் பத்தொன்பது. அவளுக்கும் அது தலைப்பிள்ளைதான். வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பின், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனித் தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என்னை அனுப்பி ஜட்கா ஒன்றைக் கூட்டிவரச் செய்தார்கள். கூட்டி வந்தேன். ஆனால் அந்த இரவு வேளையில் ஆஸ்பத்திரியில் இருப்பவர் ஆண் டாக்டர் ஒருவரே என்ற செய்தி அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தது. "அந்நிய ஆண் கைபட என் பேத்தியை அனுப்ப மாட்டேன்" என்று வாப்பும்மா நடைவாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வாப்பா நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார்கள். ஜட்கா வாசலிலேயே நின்றது. குதிரை புல் தின்னும் ஓசை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சுபுஹு பாங்கு சொல்லி முடிந்த சிறிது நேரத்தில் ராத்தா மௌத்தானாள், பிள்ளையும் பிழைக்கவில்லை. வண்டிக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

நாற்பதாம் நாள் கழிந்து ஓர் ஆலிம் வீட்டுக்கு வந்தபோது, வாப்பா தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால், பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று அவர் விளக்கினார். வாப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். "இதை யாராவது முன்னாலேயே உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்கள்.

நூல்நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது வாப்பாவின் அந்தச் சொற்களே காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. உரக்கச் சொல்வதற்கென்றே மன்றங்கள் இருக்கின்றன. அவற்றை நான் மதித்தவன் அல்லன். சட்டமன்றப் பேச்சு என்றாலே காற்றில் கரையும் கற்பூரம் என்று வகுப்பிலேயே கேலி பேசியிருக்கிறேன். அந்தக் கேலியை இந்த அம்மையாரின் வரலாறு எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

முத்துலட்சுமி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. சட்டசபையில் அமரும் உரிமை 1926இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். பெண்ணொருத்தியை நியமனமாவது செய்யுங்கள் என்று இந்திய மாதர் சங்கம் அரசை வற்புறுத்த, முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினரானார். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று முதலில் அவர் தயங்கினார். போனபின் அவையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவரே.

நியமன உறுப்பினர் என்றால் நமக்கு ஓர் இளக்காரம் உண்டு. ஆனால் அந்நாளில் வாக்குச்சீட்டு யாரிடம் இருந்தது? சொத்தும் வரிச்சீட்டும் உள்ளவர்களிடம். என் வாப்பும்மாவிடம் இல்லை; வலி கண்டவளுக்குக் கை கொடுத்த மருத்துவச்சியிடமும் இல்லை. வாக்காளர் என்று ஒருவரும் இல்லாத அந்த அம்மையார், வாக்கே இல்லாதவர்களுக்காகப் பேசினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவொன்றைத் திறக்கும் அளவுக்கு இறங்கி வந்தது. பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்றார். முஸ்லிம் மாணவிகளுக்கென்று முதன்முதலாக விடுதி திறக்கப்பட்டதற்கும் அவர் ஆதரவு துணை நின்றிருக்கிறது. இதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவோம்! 1930இல் காந்தியடிகள் கைதானதும் அப்பதவியை உதறிவிட்டு வெளியேறினார். தம் மன்ற அனுபவங்களை அவ்வாண்டே ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதி வைத்தார்.

அவரை அந்த நாற்காலிவரை கொண்டு சேர்த்த மாதர் சங்கத்தின் வேரில் ஓர் அயர்லாந்துப் பெண்மணி இருக்கிறார். மார்கரெட் கசின்ஸ் என்பது அவர் பெயர். தம் நாட்டில் 1908இல் பெண் வாக்குரிமைக்கு ஒரு சங்கம் கண்டவர். 1915இல் இந்தியா வந்து, 1917இல் அடையாற்றில் மாதர் சங்கம் அமையக் காரணமானவர்களில் ஒருவர். அவருடைய தாயகத்திலும் அதே காலத்தில் இதே வழக்குத்தான் நடந்தது. 1922இல் அமைந்த அயர்லாந்தின் முதல் செனட்டில் அறுபது பேரில் நான்கு பேர் பெண்கள். அவர்களுள் ஒருவர் ஜென்னி வைஸ் பவர். அரசுப் பணித் தேர்வுகளில் சிலவற்றை ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொள்ள அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா ஒன்று 1925இல் வந்தபோது, நாட்டின் விடுதலைக்குத் தம் போன்ற பெண்களும் உழைத்தவர்கள் என்ற உரிமையோடு அவர் எதிர்த்துப் பேசினார். செனட் மசோதாவைத் தள்ளியது. தள்ளியும் பயன் என்ன? அந்த அவைக்குத் தாமதிக்கும் அதிகாரமே உண்டு. மறு ஆண்டில் அது சட்டமாகிவிட்டது. நம் மாநிலங்களவையில் 12 பேரை நியமிக்கும் ஏற்பாடும் 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டதுதான்.

முத்துலட்சுமி அம்மையாரின் சொற்களும் உடனே பலித்துவிடவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி முழுச் சட்டமாக 1947 ஆயிற்று. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கென்று மருத்துவமனை காண்பதற்குள் 1954 ஆகிவிட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதுதான். இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் ஒரு கொடிய கணக்கைப் போட்டது. அவர் மன்றத்தில் எழுந்து நின்றதற்கும் எங்கள் வாசலில் ஜட்கா நின்றதற்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்!

அவருக்கும் முன்னால் ஒரு செய்தி உண்டு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1885இல் சென்னையில் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் வர மறுத்து மாண்டுபோவதைக் கண்டுதான் தொடங்கினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் கொண்டிருந்தாலும், திருவல்லிக்கேணிப் பெரியவர்களுக்கு அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். வாப்பும்மாவின் பிடிவாதத்தை எண்ணி நான் பல காலம் அவர்களை மன்னிக்காமல் இருந்தேன். அதே பிடிவாதத்தைப் பார்த்த ஒருவர் கோபம் கொள்ளாமல் கட்டடம் எழுப்பியிருக்கிறார். சென்னைக்கு 1885இல் வாய்த்தது தென்காசிக்கு 1961இன் ஓர் இரவிலும் வாய்க்கவில்லை. குற்றத்தை முழுவதும் ஒரு கிழவியின் தலையில் சுமத்திவிட்டு ஊரும் அரசும் நானும் நிம்மதியாக இருந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

மறுமுறை குற்றாலம் போனபோது மருமகளின் கேள்விக்கு முறையாகப் பதில் சொன்னேன். அவள் ரம்புட்டான் பழத்தை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றும் செவிலியர் வந்திருந்தார். பிரசவத்துக்குத் தென்காசி அரசு மருத்துவமனையா, வேறு எங்கேயா என்ற பேச்சு எழுந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மருமகளின் பாட்டி, அதுவரை தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கிக் கேட்டார்:

"அங்கே பொம்பளை டாக்டர் இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க பாட்டி. ஒருத்தர் இல்லே, நாலஞ்சு பேர்."

"ராத்திரியிலேயும் இருப்பாங்களா?"

"ராத்திரியிலேயும் இருப்பாங்க."

பாட்டி மறுபடியும் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். நான் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். அம்மையாரைப் பற்றியெல்லாம் மருமகளிடம் சொன்ன நான், ராத்தாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம்.